ஆனந்தமேரி டீச்சர் கேட்ட ஒரு சாயங்காலம்

ஆனந்தமேரி டீச்சரை நான் முதலில் பார்த்தது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீசில். ஜூன் மாதத்து மத்தியானம். வெயிலில் நடந்து வந்தவர் குடையை மடக்கி நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு, உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, ஜெர்மனியில கிறிஸ்துமஸ் மார்க்கெட் பாக்க ஆளுகளைச் சேத்துக் கூட்டிட்டுப் போறாங்களாமே, ஊர் ஊரா ரயில்லயே. அதுக்கு ரெண்டு சீட்டு போடணும்.”

“உக்காருங்கம்மா. யார் யாரு போறீங்க?”

“நானும் எங்க வீட்டுக்காரரும். அவரு வரமாட்டேன்னுதான் சொல்லுவாரு. அதைக் காதுல வாங்காம நீங்க சீட்டைப் போடுங்க.”

விண்ணப்பத்தை நான் நிரப்புவதைப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மேற்பார்வை செய்கிறவர் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். “கன்னிவாடிப் பக்கம்மா. பி.காம். எங்க வம்சத்துலயே நான்தான் மொத டிகிரி” என்றேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். “அப்ப எழுத்துப்பிழை வராது” என்று மட்டும் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா எழுத வைத்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆபீசுக்கு வந்துவிடுவார். வராத நாளில் போன் வரும். அவர் சொன்னது, அவர் வீட்டுக்காரர் சொன்னது, அவர்கள் கடையில் வேலை பார்க்கும் சதாம் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், அவருக்கு ஜெர்மனியின் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஆனந்தமேரியின் கணவர் ராயப்பராஜுக்குக் கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர். பதினோரு மாதம் வளையல், ரிப்பன், பிறந்தநாள் பலூன் என்று ஓடும் கடை அது. டிசம்பர் பிறந்துவிட்டால் கடையின் முகமே வேறு. கூரையிலிருந்து காகித நட்சத்திரம் தொங்கும். வாசலில் சீரியல் பல்பு மினுக்கும். இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளாக அடுக்கும் குடிலுக்கான சூசையப்பரும் மாதாவும் மூன்று ராஜாக்களும் வைக்கோல் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். வருடம் முழுக்க வரும் வருமானத்தில் பாதி அந்த மாதத்தில்தான். அதிலும் பாதி இருபத்து நாலாம் தேதி.

நம் ஊரில் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வரும். பல்பு எரியவில்லை என்று ஒருவர் ஓடிவருவார். நட்சத்திரத்தை எலி கடித்துவிட்டது என்று இன்னொருவர். “அண்ணே, குடில்ல ஒரு ஆட்டுக்குக் கால் ஒடைஞ்சு போச்சு, ஒரே ஒரு ஆடு மட்டும் தனியாக் குடுங்க” என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். ராயப்பராஜ் தேடிக் கொடுப்பார். நடுச்சாமப் பூசைக்குக் கோயில் மணி அடித்த பிறகும் பாதி ஷட்டருக்குக் கீழே வியாபாரம் நடக்கும். ஊர் முழுக்கப் பாலன் இயேசுவை வரவேற்றுக்கொண்டிருக்கும்போது அவர் உடைந்த ஆட்டுக்கு ஜோடி தேடிக்கொண்டிருப்பார்.

கல்யாணமான முதல் வருடம் ஆனந்தமேரி மாமியாரோடு பூசைக்குப் போனார். அப்புறம் மகள் டெய்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு. டெய்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு தனியாக. ஓய்வு பெறுவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கோயில் மைதானத்துப் பந்தலில் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் “ஆள் வருது” என்றார். பூசை முடியும்வரை அந்த நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. ஒரே ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி பூசையில் ராயப்பராஜ் பக்கத்தில் உட்கார வேண்டும். கடை இருக்கிற ஊரில் அது நடக்காது. கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு என்று முடிவு செய்திருந்தார். பணி ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் செய்த காரியம் எங்கள் ஆபீசுக்கு நடந்து வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட வழி தந்திரமானது. சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினார். பனி பெய்யும் சதுக்கத்தில் மரக் கடைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் தொங்கி எரிந்துகொண்டிருந்தது. ராயப்பராஜ் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது பேப்பரா, பிளாஸ்டிக்கா மேரி?”

“அங்க போய்த் தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்.”

“போலாம் போலாம்” என்றார்.

அந்தப் போலாம் ஆனந்தமேரிக்குத் தெரிந்த போலாம். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைத்தால் அவர்களை வழியனுப்பும்போது சொல்கிற அதே போலாம். ஆகவே அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஜூலையிலேயே இரண்டு பெட்டிகள் வாங்கி அடுக்கினார். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினார். பருப்புப்பொடி எவ்வளவு எடுத்துப் போகலாம் என்று என்னிடம் நான்கு தடவை கேட்டார். சந்தைக்குப் போகும் சாக்கில் கடைவீதி வழியாகப் போய், சிவகாசியிலிருந்து சரக்குப் பெட்டி ஏதும் வந்து இறங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். வீட்டில் போன் அடித்தாலே, “மேரி, இந்த வருசம் வேணாம், அடுத்த வருசம் பாப்பம்” என்று கணவர் குரல் வந்துவிடுமோ என்று இரண்டு மூன்று தடவை அடிக்கவிட்டுத்தான் எடுப்பார்.

ஆகஸ்டில் மதுரையில் ஒரு ஓட்டல் ஹாலில் பயணக் கூட்டம். குழுவில் வருகிற எல்லாரையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், டாக்டர் தம்பதி, நாகர்கோவிலிலிருந்து இரண்டு அக்கா தங்கை. கூட்டிப்போகிற வழிகாட்டி பிரான்சிஸ் உயரமான இளைஞர், நிறுத்தி நிதானமாகப் பேசினார். பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயிலில் கொலோன், அங்கிருந்து நியூரம்பெர்க், கடைசியாக டிரெஸ்டன் என்று திரையில் படம் காட்டினார். அதற்குப் பிறகு தேதி சொன்னார். டிசம்பர் ஒன்பது கிளம்பி பதினெட்டு திரும்புகிறோம்.

ஆனந்தமேரி கையைத் தூக்கினார்.

“தம்பி, தப்பாப் போட்டிருக்கீங்க. கிறிஸ்துமஸ் இருபத்தஞ்சுல்ல?”

“ஆமா மேடம்.”

“அப்ப மார்க்கெட் இருபத்தி நாலு ராத்திரிதானே களைகட்டும். நம்ம போறதே அதுக்குத்தானே.”

“அங்க அப்படி இல்ல மேடம். நவம்பர் கடைசியிலயே மார்க்கெட் ஆரம்பிச்சிரும். நாம போற ஊர்கள்ல இருபத்தி நாலு மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் மூடிருவாங்க. ரோட்டுல ஆளே இருக்காது. எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க.”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தமேரி தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். திண்டுக்கல் கடைவீதியைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், கிறிஸ்துமஸ் கடை என்றால் இருபத்து நாலு ராத்திரிதான். அதைத் தேதி கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பொங்கல் கரும்பு தை மாதம் தொடங்குவதற்கு முந்தின நாள்தானே விற்கும் என்று யாராவது கேட்டா உறுதி செய்கிறார்கள்?

பக்கத்தில் ராயப்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“இருபத்தி நாலு மத்தியானம் மூடுறானா? வியாபாரியா அவன்?”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் வாய் ஓயவில்லை. வாடிப்பட்டி வருவதற்குள் முழுக் கணக்கும் போட்டு முடித்துவிட்டார். பதினெட்டாம் தேதி வந்து இறங்கிவிட்டால் இருபதுக்கு மேல் வரும் கூட்டத்தை அவரே பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்குமான பத்து நாள் வியாபாரத்தைச் சதாம் சமாளிப்பான். அங்கே புதுச் சரக்கு என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வந்தால் அடுத்த வருடம் கடைவீதியில் அவரை அடிக்க ஆள் கிடையாது. “நல்ல ஐடியாதான் மேரி பண்ணிருக்க” என்று தோளில் இடித்தார். ஆனந்தமேரி கொடைரோடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் தலைகீழ். வரமாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் கொடைக்கானலுக்குப் போய் இரண்டு சுவெட்டர் வாங்கி வந்தார். டெய்சிக்குப் போன் போட்டு, நெட்டில் தேடச் சொல்லி, ஜெர்மன் பாஷையில் என்ன விலை என்று எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டார். கடைவீதி முழுக்க ஒவ்வொரு கடையாக ஏறி, இருபத்து நாலு மத்தியானம் மூடுகிற வியாபாரிகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வியந்தார். அந்த விஷயம் அவருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்துகொண்டிருந்தது.

“ஏலே சதாம், நல்ல வியாபார நேரத்துல கடைய மூடிட்டு அவன் எங்கலே போவான்?”

“வீட்டுக்குத்தான் முதலாளி. அங்கயும் ஆளுக காத்திருப்பாக போல.”

“ஒனக்கு வாய் கூடிப்போச்சு.”

ஆனந்தமேரிக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. போக வேண்டாம் என்று கணவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை, போவோம் என்று நினைத்தால் எதற்கு என்ற கேள்வி நின்றது. விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போய் வந்தார்கள். வேலைகள் அதுபாட்டுக்கு நடந்தன. அவர் மறுபடியும் பெட்டியைப் பிரித்தார், அடுக்கினார்.

பிரான்சிஸ் அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவரவர் பெட்டியை அவரவர்தான் ரயிலில் ஏற்ற வேண்டும், போர்ட்டர் கிடையாது, ரயில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காது. ஆனந்தமேரி டீச்சராக இருந்தவர். பழகிப் பார்க்காமல் பரீட்சைக்குப் போகிற வழக்கம் அவரிடம் இல்லை. அக்டோபரில் ஒரு சாயங்காலம் இரண்டு பெட்டியிலும் அரிசியை நிரப்பி, ஆட்டோவில் ஏற்றி, திண்டுக்கல் ஜங்ஷனுக்குக் கணவரைக் கூட்டிப் போனார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பழனிப் பக்கம் போகும் ரயிலுக்காக நின்றார்கள். அவர் ஏறிப் பெட்டியை வாங்க வேண்டும், ராயப்பராஜ் கீழேயிருந்து தூக்கிக் கொடுக்க வேண்டும், பிறகு இறங்கிவிட வேண்டும். இதுதான் திட்டம்.

ரயில் வந்தது. ஆனந்தமேரி ஏறினார். முதல் பெட்டி வந்தது. இழுத்து உள்ளே வைத்துவிட்டு இரண்டாவதற்குக் கையை நீட்டினால், கீழே ராயப்பராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். “எல்.இ.டி. நட்சத்திரம் இந்தத் தடவை எம்புட்டு விலை? செத்த நேரம் இருங்க, நல்லாக் கேக்கல” என்று காதைப் பொத்திக்கொண்டு தூண் பக்கமாகப் போய்விட்டார். ஆனந்தமேரி கூப்பிட்டார். ரயில் நகர்ந்தது. பெட்டியை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டு இறங்கத் தெம்பு வரவில்லை. அவருடைய போனும் கைப்பையும் பிளாட்பாரத்தில் இரண்டாவது பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தன.

கையில் பிளாட்பாரம் டிக்கெட்டோடு, டிக்கெட் பரிசோதகர் வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஓரமாக உட்கார்ந்தார். எதிரே காலிக் காய்கறிக் கூடைகளோடு ஒரு அம்மாள் இருந்தார். பெயர் சிவனம்மாள், ஒட்டன்சத்திரத்துக்காரர்.

“ஏனுங்க, எங்கீங்க போறீங்க?”

“ஜெர்மனிக்கு” என்றார் ஆனந்தமேரி. கோபத்தில் அதுதான் வந்தது.

“இது பழனிக்குப் போறதுங்களே” என்றார் சிவனம்மாள், கொஞ்சமும் அசராமல். “பெட்டியில என்னங்க, துணியா?”

“அரிசி.”

“அங்க அரிசி கெடைக்காதுங்களா?”

ஆனந்தமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. பிறகு கேட்கவா வேண்டும், ரயில் ஒட்டன்சத்திரம் போய்ச் சேருவதற்குள் கடை, ஜெர்மனி, பூசை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சிவனம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்புறம் கடையச் சாத்தச் சொன்னதுக்கு ஊட்டுக்காரரு என்ன சொன்னாருங்க?”

ஆனந்தமேரி யோசித்துப் பார்த்தார். சொன்னதே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் பிரியாணியை ஆறவிட்டிருக்கிறார். டெய்சியிடம் புலம்பியிருக்கிறார். கடல் தாண்டி டிக்கெட் போட்டிருக்கிறார். கடையைச் சாத்திவிட்டு என்னோடு பூசைக்கு வாருங்கள் என்று அந்த மனிதரிடம் வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒட்டன்சத்திரத்தில் சிவனம்மாள் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டி இறங்கியது. சிவனம்மாளின் போனிலிருந்து கணவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஆனந்தமேரி பிளாட்பாரத்தில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இருட்டுகிற நேரத்துக்கு ராயப்பராஜ் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். ஒரு பெட்டியைச் சதாமிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரிலேயே வந்திருக்கிறார்.

“என்ன மேரி, குதிச்சிருக்க வேண்டியதுதானே.”

“குதிச்சிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்க. நான் ஜெர்மனிக்கு வரல.”

“ஒரு போன் பேசினது அம்புட்டுக் குத்தமா?”

“போனுக்காக இல்ல. இருபத்தி நாலு ராத்திரி பூசைக்கு நீங்க எங்கூட வரணும். பக்கத்துல உக்காரணும். அதுக்குத்தான் ஜெர்மனி. அது இல்லன்னா அந்தக் குளிர்ல எனக்கு என்ன வேலை?”

ராயப்பராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்ல.”

“இப்பச் சொல்றேன். மத்தியானம் கடைய மூடுங்க.”

“மத்தியானமா? அன்னைக்குக் கடையே மத்தியானத்துக்கு மேலதான் மேரி. வேணும்னா பத்து மணிக்கு மூடுறேன்.”

“ஜெர்மனிக்காரன் மூடுறான்.”

“அவனுக்கு ஒரு மாசம் மார்க்கெட். எனக்கு அஞ்சு நாள். ஒம்பது.”

“நாலு.”

“எட்டரை. குளிச்சுக் கெளம்பிப் பூசைக்கு வரத் தாராளமா நேரம் இருக்கு.”

கடையில் வாடிக்கையாளர் எழுந்து நடையைக் கட்டினால்தான் ராயப்பராஜ் விலையை இறக்குவார் என்பது ஆனந்தமேரிக்குத் தெரியும். எழுந்தார். பெட்டியின் கைப்பிடியை இழுத்துக்கொண்டு, பழனி ரயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று போர்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

“ஏழு” என்றார் ராயப்பராஜ் பின்னாலிருந்து.

“அஞ்சரை.”

“ஆறரை. அதுக்குக் கீழ எறங்க முடியாது மேரி, கட்டுப்படியாகாது.”

ஆனந்தமேரி திரும்பினார். இவ்வளவு வருடத்தில் கணவரின் அந்தக் கடைக்காரக் குரலை வீட்டு விஷயத்தில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சரி, ஆறரை. கடை வாசல்ல போர்டு வைக்கணும்.”

“போர்டு எதுக்கு? நான் சொன்னா நம்ப மாட்டியா?”

“நான் நம்புவேன். ஆட்டுக்குக் கால் ஒடைஞ்சவன் நம்பணும்ல.”

அரிசிப் பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் வைக்க முடியவில்லை. பின்னால் வைத்தால் ஆனந்தமேரிக்கு இடமில்லை. கடைசியில் பெட்டியும் ஆனந்தமேரியும் பஸ்ஸில் வந்தார்கள், ராயப்பராஜ் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார்.

மறுநாள் இருவரும் எங்கள் ஆபீசுக்கு வந்து, இரண்டு சீட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டிசம்பர் முதல் தேதி, ‘இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஆறரை வரைதான்’ என்று கடை வாசலில் போர்டு ஏறியது. பக்கத்துக் கடைக்காரர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பிக் கேலி செய்தார்கள். ஜெர்மனிக்குப் போய் வருவதற்குள்ளேயே ஜெர்மனிக்காரன் ஆகிவிட்டார் என்றார்கள். ஒன்பதாம் தேதி காலை விமான நிலையம் கிளம்பும் வரை ராயப்பராஜ் சதாமுக்கு எந்தப் பெட்டியில் எந்த ஆடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன இடத்திலிருந்து எனக்குப் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் ஆனந்தமேரி தொப்பிக்குள் முகம் மறைந்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார். ராயப்பராஜ் ஒரு கடையில் குனிந்து நட்சத்திரத்தைத் திருப்பி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார். பெட்டிகளை இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றிய ஜோடி குழுவிலேயே இவர்கள்தான் என்று பிரான்சிஸ் சொன்னாராம்.

இருபத்து நாலாம் தேதி ஆறரைக்குக் கடை அடைக்கவில்லை. ஆறரைக்குப் பாதி ஷட்டர் இறங்கியது. ஏழுக்குச் சதாம் மீதியை இழுத்துவிட்டார். ராயப்பராஜ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பூசைக்கு வந்து ஆனந்தமேரி பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைத் தட்டி, கடை திறந்திருக்கிறதா, ஒரு பல்பு வேண்டும் என்று கேட்டார். ராயப்பராஜ் கண்ணைத் திறக்காமலே மனைவி பக்கம் கையைக் காட்டினார். கடை மூடியாச்சு என்று ஆனந்தமேரிதான் சொன்னார்.

ஆனந்தமேரி டீச்சர் இப்போதும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறார். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். மத்தியானத்தில் ராயப்பராஜ் சாப்பிட வீட்டுக்கு வரும்போது கடையில் போய் உட்காருகிறார். முழங்கால் வலி இருக்கிறது. வெளியூர் டூர் இனி வேண்டாம் என்கிறார்.